காஸ் ஜெனரேட்டருக்கு எந்த ஆயில்?

டீசல் ஜெனரேட்டரோடு பழகியவர் காஸ் ஜெனரேட்டரின் ஆயில் குச்சியை முதல் தடவை உருவிப் பார்த்தால் குழம்பிப்போவார். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டினாலே கறுத்துவிடும். காஸ் இன்ஜினிலோ நூறு மணி நேரம் ஓடிய ஆயில்கூடக் குச்சி நுனியில் தேன் நிறத்தில் தெளிவாக நிற்கும். ‘புதுசு மாதிரியே இருக்கே, இதை ஏன் மாத்தணும்?’ என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தக் கறுப்பு, டீசல் எரியும்போது உண்டாகும் புகைக்கரி ஆயிலில் கலப்பதால் வருவது. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அது ஒழுங்காக எரிந்தால் கரி கிடையாது. காஸ் இன்ஜினில் ஆயில் அழுக்காகிக் கெடுவதைவிடச் சூட்டில் கெடுவதே அதிகம். சூட்டில் கெட்ட ஆயிலைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஆயிலைக் கெடுக்கும் காரணங்களில் முதலாவது ஆக்சிஜன். சூடான ஆயில் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல அமிலமேறித் தடிக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் இந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. அடுத்தது நைட்ரஜன் ஆக்சைடு. சிலிண்டருக்குள் இருக்கும் கடும் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் இந்த வாயு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசிந்து, இன்ஜினின் அடித்தொட்டியான சம்பில் கிடக்கும் ஆயிலைத் தாக்குகிறது. ஆயில் தடிக்கும். பிஸ்டன் பக்கவாட்டிலும் ரிங் பள்ளத்திலும் பழுப்பு நிற வார்னிஷ் படியும். ரிங் ஒட்டிக்கொண்டால் கசிவு கூடும், கசிவு கூடினால் ஆயில் இன்னும் சீக்கிரம் கெடும். ஆகவே இங்கே நமக்கு வேண்டியது சூட்டைத் தாங்கி நிற்கும் ஆயில். அழுக்கைச் சுமக்கும் திறன் இரண்டாம்பட்சம்.

கடைக்குப் போகும் முன் உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். காஸ் ஜெனரேட்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. அமெரிக்க வீடுகளின் பக்கவாட்டில், ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில், தகரக் கூண்டுக்குள் நிற்பது சிறியது. பெரும்பாலும் 10 முதல் 26 கிலோவாட், காற்றால் குளிர்வது, ஒன்றிரண்டு சிலிண்டர், சம்பில் சுமார் 2 லிட்டர் ஆயில். மருத்துவமனை, ஆலை, பெரிய அடுக்குமாடி ஆகியவற்றில் நிற்பது பெரியது. ரேடியேட்டரும் தண்ணீரும் உள்ள, நூற்றுக்கணக்கான கிலோவாட் இன்ஜின். முதலாவதுக்குச் சரியான ஆயிலை இரண்டாவதில் ஊற்றினால் கெடுதல். இரண்டாவதுக்கான ஆயிலை முதலாவதில் ஊற்றினாலும் கெடுதல்தான். இரண்டிலுமே ஊற்றக்கூடாத ஒன்று உண்டு, அதுதான் எல்லார் கொட்டகையிலும் முதலில் கைக்கு எட்டும்: டீசல் இன்ஜினுக்கான 15டபிள்யூ-40.

வீட்டு ஜெனரேட்டர்

டெக்சஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அங்கே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. வெயிலுக்குப் பேர்போன ஹூஸ்டனிலேயே குளிர் மைனஸ் 10 டிகிரி வரை இறங்கியது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி அதே ஹூஸ்டனைத் தாக்கியபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கொளுத்தும் கோடையில் பல பகுதிகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் கரண்ட் திரும்பவில்லை. ஒரே ஊர், ஒரே மெஷின். ஒரு முறை உறைபனியில் ஸ்டார்ட் ஆகி உடனே ஹீட்டர் சுமையை ஏற்க வேண்டும், இன்னொரு முறை அடைத்த கூண்டுக்குள் நாள் கணக்கில் வெந்துகொண்டே ஏசியை ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுக்கிற ஆயில்தான் வேண்டும்.

ஜெனராக் உட்படப் பல தயாரிப்பாளர்கள் காற்றால் குளிரும் வீட்டு மெஷின்களுக்கு 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக் ஆயிலைச் சொல்வது இதனால்தான். அந்த எண்ணைப் பிரித்துப் படியுங்கள். முன்னால் உள்ள 5டபிள்யூ குளிர்காலப் பக்கம். எஸ்ஏஇ தரப்படி மைனஸ் 30 டிகிரியில் சோதித்தும் ஸ்டார்ட்டர் சுழற்றக்கூடிய அளவுக்கு அது இளகியிருக்க வேண்டும். பின்னால் உள்ள 30 சூட்டுப் பக்கம்; 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரைக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போகும்போது மட்டும் வேலைக்கு வரும் ஸ்டேண்ட்பை மெஷினுக்கு முதல் எண் மிக முக்கியம். கார் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு மெதுவாகத் தெருவைத் தாண்டுகிறோம். ஸ்டேண்ட்பை ஜெனரேட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. கரண்ட் போன சில நொடிகளில் ஸ்டார்ட் ஆகி, நிமிஷத்துக்கு 3600 சுற்றில் நின்று, அரை நிமிஷத்துக்குள் வீட்டுச் சுமை முழுவதையும் தோளில் வாங்க வேண்டும். நாள்கணக்கில் நின்றதில் பேரிங்கிலிருந்து வடிந்துபோன ஆயில், அந்தச் சில நொடிகளுக்குள் மேலே ஏறியாக வேண்டும்.

சூட்டுப் பக்கத்தில்தான் சிந்தெடிக் தன் விலையை நியாயப்படுத்துகிறது. சாதாரண மினரல் 10டபிள்யூ-30 ஊற்றினால் 27 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஆயில் செலவு கூடலாம் என்று காற்றால் குளிரும் சிறு இன்ஜின்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. பழைய கையேடு உங்கள் மெஷினுக்குக் கோடையில் எஸ்ஏஇ 30, பனியில் 5டபிள்யூ-30 என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யலாம், தவறில்லை. ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை ஆயில் மாற்ற எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? என் ஓட்டு சிந்தெடிக்குக்கே.

இனி ஒரு சபலம். வீட்டில் புது ஜப்பானியக் கார் இருந்தால், கராஜ் அலமாரியில் 0டபிள்யூ-20 பாட்டில் மிச்சம் இருக்கும். ‘அதுவும் சிந்தெடிக்தானே, முன் எண் இன்னும் சின்னது, நல்லதுதானே’ என்று அதை ஊற்றாதீர்கள். பின்னால் உள்ள 20 இங்கே ஆகாது. 100 டிகிரியில் அது 9.3 சென்டிஸ்டோக்குக்குக் கீழேதான் நிற்கும். கார் இன்ஜினுக்குத் தண்ணீர் ரேடியேட்டர் இருக்கிறது, ஆயிலின் சூடு ஓரளவுக்குள் அடங்கும். கூண்டுக்குள் காற்றை மட்டும் நம்பியிருக்கும் இன்ஜினில் ஆயில் அதைவிடச் சூடாகி, படலம் மெலிந்து, பேரிங்கில் உலோகம் உலோகத்தைத் தொடும் நிலை வரும்.

பாட்டிலின் பின்பக்கத்தில், ஆயில் தரத்தை வகுக்கும் ஏபிஐ அமைப்பின் வட்டமான முத்திரை இருக்கும். அதன் மேல் வளையத்தில் தர எழுத்து, நடுவில் கெட்டித்தன்மை எண். பொறியால் எரியும் இன்ஜினுக்கான வரிசை ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும். டீசல் வரிசைக்கு ‘சி’. 2010-இல் வந்த எஸ்என், 2020-இல் வந்த எஸ்பி, 2025-இல் வந்த எஸ்கியூ என இரண்டாம் எழுத்து முன்னேற முன்னேறத் தரமும் கூடும். பிந்தியது முந்தியதற்குப் பதிலாகச் செல்லும். கையேட்டில் எஸ்ஜே என்று பழைய தரம் போட்டிருந்தால் எஸ்பி பாட்டிலைத் தயங்காமல் வாங்கலாம். முத்திரையே இல்லாத மலிவு பாட்டிலை வைத்துவிட்டு வாருங்கள். ‘கம்பெனி ஆயில் ஊற்றாவிட்டால் வாரன்டி போய்விடும்’ என்று விற்பனையாளர் மிரட்டினாலும் அசர வேண்டாம். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டப்படி, இலவசமாகத் தராத வரை இன்ன பிராண்டைத்தான் வாங்க வேண்டும் என்று வாரன்டியில் கட்டாயப்படுத்த முடியாது. கையேடு சொல்லும் தரமும் எண்ணும் பொருந்தினால் போதும். ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டு மெஷின்கள் பலவற்றை இயற்கை எரிவாயுவிலும் ஓட்டலாம், சிலிண்டர் புரொப்பேனிலும் ஓட்டலாம். எரிவாயு மாறியதற்காக ஆயிலை மாற்ற வேண்டியதில்லை.

சாம்பல் கணக்கு

பெரிய இன்ஜினுக்கு வந்தால் பேச்சே வேறு. இங்கே முக்கியமான சொல் சாம்பல். ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகக் கூட்டுப்பொருட்கள்தான் அமிலத்தை அடக்குகின்றன, படிவைக் கழுவுகின்றன, தேய்மானத்தைத் தடுக்கின்றன. ஆயில் எரியும்போது இவை சாம்பலாக மிஞ்சும். நல்ல இன்ஜினும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கத்தான் செய்யும். உதாரணத்துக்கு ஒரு 500 கிலோவாட் இன்ஜின் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் 0.2 கிராம் ஆயிலை எரிப்பதாக வையுங்கள். முழுச் சுமையில் மணிக்கு 100 கிராம். ஆயிலில் சாம்பல் 0.5 சதவீதம் என்றால் 1000 மணி நேரத்தில் அரைக் கிலோ சாம்பல் உண்டாகும். அதே இடத்தில் 1.4 சதவீதச் சாம்பல் உள்ள டீசல் ஆயிலை ஊற்றினால் 1.4 கிலோ. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும் என்றாலும், மிஞ்சுவது பிஸ்டன் தலையிலும் வால்வு முகத்திலும் ஸ்பார்க் பிளக் முனையிலும் வெள்ளையாகப் படியும். படிந்த இடம் கனன்று நிற்கும். பிளக் பொறி விடுவதற்கு முன்பே காஸ் பற்றிக்கொள்ளும். இன்ஜின் ‘கடகட’வென்று தட்டத் தொடங்கினால் அது பிஸ்டனுக்கு அடிக்கும் சாவுமணி. வால்வு ஓரத்தில் படிவு ஒரு துண்டு பெயர்ந்தாலோ, அந்த இடுக்கு வழியே தீ பாய்ந்து வால்வையே தின்றுவிடும்.

அப்படியானால் சாம்பலே இல்லாத ஆயிலை ஊற்றிவிடலாமே என்றால், அதுவும் கூடாது. டீசல் இன்ஜினில் கரியும் எரிபொருளும் வால்வுக்கும் அதன் சீட்டுக்கும் நடுவில் ஒரு மெத்தையாக நிற்கின்றன. காஸ் வறண்டது, அந்த வேலையைச் செய்யாது. ஆயில் விட்டுச்செல்லும் கொஞ்சம் சாம்பல்தான் நான்கு ஸ்ட்ரோக் காஸ் இன்ஜினில் வால்வு சீட்டைக் காக்கிறது. அது இல்லாவிட்டால் வால்வு நாளுக்கு நாள் சீட்டுக்குள் அமிழ்ந்து இடைவெளி கெட்டுப்போகும். இதனால் குழாய் எரிவாயுவில் ஓடும் பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு, சாம்பல் 0.5 சதவீதத்தை ஒட்டிய ‘லோ ஆஷ்’ காஸ் இன்ஜின் ஆயில், எஸ்ஏஇ 40 கெட்டித்தன்மையில், நடைமுறைத் தேர்வாகிவிட்டது. சாம்பலற்ற ஆயில் இரண்டு ஸ்ட்ரோக் காஸ் இன்ஜின்களின் சமாசாரம். குப்பைமேட்டு வாயு, சாண எரிவாயு போன்ற கந்தகம் கலந்தவற்றுக்கு நடுத்தரச் சாம்பல். இவற்றோடு இங்கே நமக்கு வேலை இல்லை.

கடையில் விற்கும் ஆயிலின் முகப்பில் சாம்பல் அளவை எழுதியிருக்க மாட்டார்கள். ஆயிலின் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘சல்ஃபேட்டட் ஆஷ்’ என்ற வரிக்கு நேராக உள்ள சதவீதத்தைப் பாருங்கள். அடுத்து டிபிஎன், அதாவது அமிலத்தை அடக்க ஆயிலில் இருக்கும் கையிருப்பு. டீசல் ஆயிலில் அது 8 முதல் 12 வரை இருக்கும். காஸ் ஆயிலில் 5, 6 என்று பார்த்து ‘பாதிதானே இருக்கிறது’ என்று முகம் சுளிக்க வேண்டாம். குழாய் எரிவாயுவில் கந்தகம் மிகமிகக் குறைவு, அதற்கேற்ற கையிருப்பே போதும். புகைக்குழாயில் கேட்டலிஸ்ட் இருந்தால் பாஸ்பரஸ் அளவையும் பாருங்கள். பாஸ்பரஸ் அதற்கு விஷம்.

நிலையாக நிற்கும் காஸ் இன்ஜின்களுக்கென்று ஏபிஐ தனித் தரம் எதுவும் வைக்கவில்லை. இன்ஜின் கம்பெனிகள் தத்தம் அங்கீகாரப் பட்டியலை வெளியிடுகின்றன. மொபில் பெகாசஸ், ஷெல் மைசெல்லா போன்ற வரிசைகள் அப்பட்டியல்களில் அடிக்கடி தென்படும். ஆனால் அந்தப் பெயர்களுக்குள்ளேயே பல எண்கள் உண்டு. பெயரைப் பார்த்து வாங்காமல் உங்கள் இன்ஜின் மாடலுக்கு நேராக எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

டெல்லி சுற்றுவட்டாரத்தில் 2023 அக்டோபரிலிருந்து டீசல் ஜெனரேட்டர்களுக்குக் கட்டுப்பாடு இறுகியது. காற்று மாசுதான் காரணம். அடுக்குமாடிகளும் ஆலைகளும் குழாய் எரிவாயு செட்டுக்கு மாறுகின்றன, அல்லது இருக்கிற டீசல் செட்டில் இரட்டை எரிபொருள் கிட் பொருத்திக்கொள்கின்றன. இங்கேதான் பெரிய குழப்பம். முழுக்க எரிவாயுவில் ஓடும் செட்டுக்கு ஸ்பார்க் பிளக் உண்டு. அதற்கு மேலே சொன்ன லோ ஆஷ் ஆயில். கிட் பொருத்தியது அப்படியல்ல. எரிவாயு பெரும்பங்கு எரிந்தாலும் பற்றவைப்பது டீசல்தான், கரியும் வரத்தான் செய்யும், கரண்ட் போகிற வேளையில் எரிவாயு இல்லாவிட்டால் முழு டீசலிலும் ஓடும். அதில் காஸ் ஆயிலை ஊற்றினால் கரியைச் சுமக்கும் தெம்பு இருக்காது. கிட் கம்பெனியும் இன்ஜின் கம்பெனியும் எழுத்தில் தருகிற ஆயில் எதுவோ அதுவே. பராமரிப்புக்கு வருபவர் ஒரே பேரலைத் தள்ளிக்கொண்டு வந்து இரண்டு செட்டுக்கும் ஊற்றுகிறாரா என்று அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் ஒரு தடவை கீழே இறங்கிப் பார்ப்பது வீண்போகாது.

வாசகருக்கு ஒரு சந்தேகம் வரலாம். சாம்பல் அவ்வளவு கெடுதல் என்றால், வீட்டு மெஷினில் 0.8 முதல் 1 சதவீதம் வரை சாம்பல் உள்ள கார் ஆயிலை ஊற்றச் சொன்னது ஏன்? மணிக்கணக்குதான் காரணம். சில ஆலைகளில் காஸ் இன்ஜின் வருஷத்துக்கு 8000 மணி நேரம் ஓடும். வீட்டு ஜெனரேட்டருக்குச் சாதாரண வருஷத்தில் நூறு மணி நேரமே அதிகம். சாம்பல் குவிவதற்குள் அதற்கு வேறு நோய் வந்துவிடும்.

சும்மா நிற்பதால் வரும் கேடு

அந்த நோய் தண்ணீர். மீத்தேன் எரிந்தால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் உண்டாகும். கணக்குப்படி 1 கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ தண்ணீர், டீசலைவிடக் கணிசமாக அதிகம். அதில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிச் சம்புக்குள் இறங்குகிறது. இன்ஜின் நன்றாகச் சூடானால் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் வீட்டு ஜெனரேட்டர் வாரம் ஒரு தடவை தானாகவே எழுந்து, சுமையே இல்லாமல் சில நிமிஷம் ஓடி, ஆயில் வெதுவெதுப்பாகும்போதே நின்றுவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளில் மோர்க்குழம்பின் ஆடையைப்போல் வழவழவென்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது தண்ணீரும் ஆயிலும் கலந்த குழம்பு. அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மாதம் ஒரு தடவை வீட்டு மெயினை அணைத்து ஜெனரேட்டரை வேலைசெய்ய விடுங்கள். ஏசி, ஹீட்டர் என்று கனமாகச் சுமை கொடுத்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். குழம்பு மறைந்தால் சரி. மூடியில் மட்டுமன்றிக் குச்சியிலும் பால் நிறம் தெரிந்தால் அந்த ஆயிலை அன்றைக்கே வடித்துவிடுங்கள்.

எவ்வளவு விலை உயர்ந்த சிந்தெடிக் ஆனாலும் இந்தத் தண்ணீருக்கு விலக்கில்லை. ஆகவே வீட்டு மெஷினில் ஆயிலை மணிக்கணக்கோடு நாள்காட்டியும் பார்த்து மாற்ற வேண்டும். 200 மணி நேரம் அல்லது 2 வருஷம், எது முந்துகிறதோ அது என்பது இன்றைய கையேடுகள் பலவற்றின் விதி. கடலோரத்திலோ ஈரப்பதம் மிகுந்த ஊரிலோ இருந்தால் வருஷம் ஒரு முறை மாற்றிவிடுங்கள், 2 லிட்டர் ஆயிலுக்காகக் கணக்குப் பார்க்க வேண்டாம். புது மெஷினில் முதல் ஆயிலை 25 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்வார்கள். புது உலோகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தும்போது உதிரும் துகள்கள் அதில் இருக்கும்.

நீண்ட மின்வெட்டில்

200 மணி நேரம் என்பது தாராளமாகத் தோன்றும். ஒரு வாரம் இடைவிடாமல் ஓடினால் 168 மணி நேரம் போய்விட்டது. பெரில் மாதிரி ஒரு புயலுக்குள்ளேயே ஒரு தவணை ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஆயில் கடையும் இருட்டில்தான் இருக்கும். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கும். மே மாதத்திலேயே ஒரு முழு மாற்றலுக்கான ஆயில், மேலே ஊற்றிக்கொள்ள ஒரு பாட்டில், ஒரு ஃபில்டர், ஒரு புனல், ஒரு பழைய தட்டு எல்லாம் மெஷினுக்குப் பக்கத்திலோ கராஜிலோ தயாராக இருக்கட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஆயில் அளவைப் பாருங்கள். புதிதாக வாங்கியதோ பழசாகிப்போனதோ என்றால் இன்னும் அடிக்கடி. முதலில் வீட்டுச் சுமையைக் கழற்றி, இரண்டு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டு, பிறகு அணையுங்கள். தானாக மறுபடி ஸ்டார்ட் ஆகாதபடி கன்ட்ரோலர் ஃபியூஸைக் கழற்றுங்கள். ஐந்து நிமிஷம் ஆயில் கீழே வடியட்டும். குச்சியைத் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே தரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பிராண்ட் வேறாக இருந்தாலும் சிறு இன்ஜினில் பாதகமில்லை. பெரிய காஸ் இன்ஜினில் மட்டும் பிராண்ட் கலக்காதீர்கள். ‘ஃபுல்’ கோட்டைத் தாண்டவே கூடாது. ஆயில் அதிகமானால் நுரைக்கும், மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டரில் ஏறிப் புகையும் கிளம்பும். குறைவாக விட்டால், ஆயில் அழுத்தத்தைக் காக்கும் சுவிட்ச் இன்ஜினை நிறுத்திவிடும். அது நல்லதுக்குத்தான், ஆனால் நடுராத்திரியில் நிறுத்தும்.

மாற்றிய நாளையும் மீட்டரில் இருந்த மணியையும் ஆயில் எண்ணையும் கூண்டு மூடியின் உட்பக்கத்தில் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்து வரும் மெக்கானிக் கேட்கும் முதல் மூன்று கேள்விகள் அவைதான். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் பழைய பாட்டிலிலேயே ஊற்றி மூடுங்கள். அமெரிக்காவில் பெரிய வாகன உதிரிபாகக் கடைகள் பல அதைக் காசு வாங்காமலே எடுத்துக்கொள்கின்றன.